எங்கம்மா இப்படி நடக்கமாட்டாங்க

படத்தொகுப்பு வகுப்பின் முதல் வாரத்தில் மாணவர்கள் எவரையும் கணினியைத் தொட நான் விடுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் எடுத்து, எந்தப் படத்திலும் சேராமல் போன 40 நிமிட ரஷ் (வெட்டித் தொகுக்காத மூலப்பதிவு) ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு மீன் ஏலக்கூடத்தில் விடிகாலையிலிருந்து வெயில் ஏறும்வரை நடந்தவை அதில் பதிவாகியிருக்கின்றன. அதை இருட்டறையில் ஓட்டிக் காட்டிவிட்டு, பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்பேன். "கவலையான முகம்" என்று எழுதக் கூடாது. "கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தராசைப் பார்க்கிறாள்" என்று எழுத வேண்டும். "வறுமை" என்று எழுதக் கூடாது. கூடையின் பிடி நைலான் கயிற்றால் மூன்று இடங்களில் கட்டப்பட்டிருப்பதைக் கண்டிருந்தால் அதை எழுத வேண்டும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில் ஏறத்தாழ எல்லோருமே முதல் நாள் தடுமாறிவிடுகிறார்கள். "உழைக்கும் வர்க்கத்தின் அன்றாடப் போராட்டம்" என்று தொடங்கும் தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வருகின்றன. அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை "இப்பாடலின் மையக்கருத்து யாது?" என்ற கேள்விக்கே விடையெழுதிப் பழகிய பிள்ளைகள், பாடலில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டால் திகைக்கத்தானே செய்வார்கள்? தங்கள் சொந்தப் பயிற்சிப் படங்களுக்கு வரும்போது இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. திரையில் ஒரு பெண் தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். "இந்த இடத்துல அவ இறந்துபோன அப்பாவை நினைக்கிறா சார்" என்று எடுத்தவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. எழுதும்போதும் படமெடுக்கும்போதும் அந்த அப்பா அவருடைய மனத்தில் இருந்திருக்கிறார், திரையைப் பார்க்கும்போது இப்போதும் இருக்கிறார். கேமராவுக்குள் மட்டும் அவர் வந்து சேரவில்லை. நினைத்ததை எடுத்ததிலிருந்து பிரித்துப் பார்ப்பதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி என்று நான் நம்புகிறேன். மென்பொருளை அவர்கள் இரண்டு வாரத்தில் தாங்களாகவே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் அல்ல. 1993-இல் கோடம்பாக்கத்தில் ஒரு படத்தொகுப்பு அறையில் மூன்றாவது உதவியாளனாகச் சேர்ந்தேன். அப்போது படம் என்பது கையால் தூக்கிச் சுமக்கும் பொருளாக இருந்தது. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும். ஆயிரம் அடி கொண்ட ஒரு சுருள் ஏறத்தாழ 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எடிட்டர் வெட்டி ஒதுக்கிய துண்டுகளை, விளிம்பில் அச்சாகியிருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, துணி விரித்த தொட்டிக்கு மேலே கொக்கிகளில் வரிசையாகத் தொங்கவிடுவது என் பொறுப்பு. "அந்த க்ளோஸப்புல கண்ணச் சிமிட்டுறதுக்கு முன்னாடி ஆறு பிரேம் வெட்டினோமே, அதை எடு" என்று கேட்பார். அரை அடிகூட இல்லாத அந்தத் துண்டைத் தொங்கும் நூறு துண்டுகளுக்கிடையே தேடி, விளக்குக்கு நேரே பிடித்து, இமை எங்கே இறங்கத் தொடங்குகிறது என்று பார்த்து எடுத்துத் தர வேண்டும். படத்தை இப்படித் துண்டுதுண்டாக ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்த மூன்று ஆண்டுகளில் என் கண் வேறாகிவிட்டது. சோகம், கோபம் என்று எதையும் அந்த அரை அடிக்குள் பார்க்க முடியாது. இமையும் கழுத்து நரம்பும் மட்டுமே தெரியும்.

அங்கே ஒரு பாடல் காட்சிக்கு கிரேன் ஷாட் ஒன்று வந்தது. ஜெனரேட்டர் பழுதாகி, மழை குறுக்கிட்டு, ஒரு முழு கால்ஷீட்டையும் விழுங்கி எடுக்கப்பட்ட ஷாட் அது. எடிட்டர் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். இயக்குநர் கலங்கிப்போனார். அவர் சென்றபின் நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "எடுத்தவன் பட்ட பாடு திரையில தெரியாது தம்பி. என்ன விழுந்திருக்கோ அதை மட்டும் பாரு" என்றார். அன்றிரவு பேருந்தில் ஏறி வீடு சேரும்வரை அந்தச் சொற்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே சென்றேன். பின்னாளில் ஆசிரியனானபோது என்னிடம் பாடமாகச் சொல்வதற்கு இருந்தது அநேகமாக அவ்வளவுதான்.

கற்பிக்க வந்ததற்குக் காரணம் முதலில் பணம். ஆவணப்படம் எடுப்பவர் அதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது. நகைக்கடை விளம்பரமும், நிறுவனங்கள் தங்களைப் பற்றி எடுத்துக்கொள்ளும் படங்களும், தொலைக்காட்சித் தொடர்களுமாக ஓடிக்கொண்டிருந்த எனக்கு, மணிக்கணக்கில் ஊதியம் தரும் வருகை ஆசிரியர் வேலை 2006-இல் பெரிய ஆறுதலாக வந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே அது வெறும் வருமானமாக இல்லை என்பது தெரிந்துவிட்டது. திரைப்படக் கலைஞர்கள் பலர் ஏன் கற்பிக்கப் போனார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது. வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் 1960-களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் துணை முதல்வராகச் சிறிது காலமே இருந்தார்; அந்தச் சிறிது காலத்தில் அவரிடம் பயின்றவர்களில் பின்னாளில் இயக்குநர்களான மணி கௌலும் குமார் ஷாஹனியும் ஜான் ஆபிரகாமும் இருந்தார்கள். அந்த ஜான் ஆபிரகாம்தான் 1977-இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை'யை எடுத்தார். புனேயில் ஒளிப்பதிவு பயின்று, தன் படங்களைத் தானே ஒளிப்பதிவு செய்து தானே தொகுத்தும் வந்த பாலு மகேந்திரா, தன் இறுதி ஆண்டுகளில் சென்னையில் 'சினிமாப் பட்டறை' என்ற பள்ளியை நடத்தினார். பட்டறை என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடிக்கும். இரும்பு அடிக்கும் இடத்தில் சூடு ஆறுவதற்குள் அடிக்க வேண்டும், பேசிக்கொண்டிருக்க முடியாது.

நான் ஆவணப்பட வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பேசுவது 1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' பற்றி. கனடாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் இனுயிட் பழங்குடி மக்களிடையே ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த படம் அது. பனிக்கட்டி வீட்டுக்குள் அந்தக் காலத்துக் கேமராவுக்குப் போதிய வெளிச்சம் இல்லை. எனவே ஒரு பக்கம் திறந்திருக்கும் வீடு ஒன்றைக் கட்டச் செய்து, அதற்குள் அந்தக் குடும்பம் உறங்கி எழுவதாக எடுத்தார். துப்பாக்கியைப் பயன்படுத்திப் பழகிவிட்ட வேட்டைக்காரரை முன்னோர் முறைப்படி ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். நானூக் என்பதே அவருடைய பெயர் அல்ல. அவர் பெயர் அலகாரியாலக். திறந்த வீட்டில், குளிரில் நடுங்கிக்கொண்டு, உறங்குவதுபோலக் கண்மூடிக் கிடந்த அந்தக் குழந்தைகளைப் பற்றி நான் வகுப்பில் உருக்கமாகவே பேசுவேன். வெளிச்சத்துக்காக ஒரு குடும்பத்தின் சுவரை எடுத்துவிடும் உரிமையை நமக்கு யார் தந்தது என்று கேட்பேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

2014-இல் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு படம் எடுக்கத் தொடங்கினேன். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியைச் சேர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீரமைத்து, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை அங்கே வேலை நடக்கும். உப்பளத்தில் படமெடுப்பது பனிப்பிரதேசத்தில் படமெடுப்பதற்கு ஒப்பானது. பாத்தியில் விளைந்த வெண்மையும் குவித்துவைத்த அம்பாரங்களின் வெண்மையும் சூரியனைத் திருப்பி அடிக்கின்றன. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் உப்பு முழுவதும் வெளுத்துப் படத்திலிருந்து அழிந்துபோகும், உப்புக்கு வைத்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும். ஃபிளாஹெர்ட்டிக்கு வெளிச்சம் போதவில்லை. எனக்கு அது தாளமுடியாத அளவுக்கு இருந்தது. அதனால்தான் விடிவதற்கு முந்தைய அந்த இருபது நிமிடங்களின் மேல் எனக்கு அத்தனை ஆசை வந்தது.

கிழக்கே வானம் ஊதா நிறத்திலிருந்து சாம்பலுக்கு மாறும் நேரம். பாத்திகளில் தேங்கிய நீர் வானத்தைக் கண்ணாடிபோலக் காட்டும். நடுவே ஒற்றை வரப்பு. அதன்மேல் பதினோரு பெண்கள் வரிசையாக, கையில் தூக்குச்சட்டியும் தலையில் சும்மாட்டுத் துணியுமாக, நிழலுருவங்களாக நடந்து போவார்கள்; அவர்களுடைய பிம்பங்கள் தலைகீழாக நீருக்குள் நடந்து வரும். நீண்ட லென்ஸ் வைத்து, நான்கு விடிகாலைகள் முயன்று அதை எடுத்தேன். முதல் நாள் மேகம், இரண்டாம் நாள் காற்றில் நீர் கலங்கிப் பிம்பம் உடைந்தது, மூன்றாம் நாள் ஒரு லாரியின் முகப்பு விளக்கு. நான்காம் நாள் எல்லாம் கூடிவந்தது. மானிட்டரில் அதைப் பார்த்தபோது ஒளிப்பதிவாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். படத்தின் முதல் ஷாட் அதுதான் என்று அங்கேயே முடிவுசெய்தேன். தொகுத்து முடித்தபோது அது 1 நிமிடம் 50 விநாடி நீளத்துக்கு, எந்த வெட்டும் இல்லாமல், படத்தின் வாசலாக நின்றது.

அந்த முதல் வடிவத்தை என் இரண்டாமாண்டு மாணவர்கள் பதினான்கு பேருக்குத் திரையிட்டேன். தன் படத்தைக் குறையோடு மாணவர்களுக்குக் காட்டுவது ஆசிரியர் செய்ய வேண்டிய கடமை என்பது என் கருத்து. அதிலும் நான் எதிர்பார்த்துப் போனது பாராட்டைத்தான் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பலரும் முதல் ஷாட்டைப் புகழ்ந்தார்கள். கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவன் இருந்தான். அவன் ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்று சேர்க்கைப் படிவத்தில் பார்த்திருந்தேனே தவிர, வேறொன்றும் கேட்டதில்லை. நீ ஏதாவது சொல்லேன் என்றேன். அவன் எழுந்து நின்றான்.

"எங்கம்மா இப்படி நடக்கமாட்டாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வேலை பாதி முடிஞ்சிரணும்ல சார். ஓடுற மாதிரிதான் போவாங்க. பேசிக்கிட்டே போவாங்க. இவங்க யாருமே பேசல. நீங்க மெதுவா நடக்கச் சொல்லியிருக்கீங்க."

ஆம், சொல்லியிருந்தேன். குறைந்த வெளிச்சத்தில் வேகமாக நடந்தால் உருவங்களின் விளிம்பு கலைந்துவிடும் என்பதால் மெதுவாக நடக்கச் சொன்னேன். ஒருவர்மேல் ஒருவர் மறைக்காமல் இருக்க ஐந்தடி இடைவெளி விடச் சொன்னேன். பேசினால் தலைகள் திரும்பி வரிசையின் ஒழுங்கு கெட்டதால் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த நான்கு நாள்களும் அவர்கள் பாத்திக்குத் தாமதமாகச் சேர்ந்ததும், அதற்காகக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கியதும் எனக்குத் தெரியும். உதவி இயக்குநரை அனுப்பிச் சமாதானம் சொல்ல வைத்திருந்தேன். நானூக்கின் பனிவீட்டுச் சுவரைப் பற்றிப் பத்து ஆண்டுகளாகக் குரல் தழுதழுக்கப் பேசியவன், பதினோரு பெண்களின் நடையையும் பேச்சையும் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டு, மிஞ்சியதை அழகு என்று முதல் ஷாட்டாக வைத்திருக்கிறேன். இதில் என்னை அதிகம் உலுக்கியது அந்த அத்துமீறல்கூட அல்ல. அந்த ஷாட்டை நான் முந்நூறு முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். அவர்கள் இயல்புக்கு மாறாக நடக்கிறார்கள் என்பது பாதத்தை ஊன்றும் விதத்திலேயே தெரிகிறது. குதிகால் தரையில் பட்டபின் ஒரு கணம் தயங்குகிறது, அடுத்த அடிக்கு யாரோ அனுமதி தரக் காத்திருப்பதைப்போல. அதெல்லாம் திரையில் விழுந்துதான் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்ததோ நான்கு விடிகாலைகளில் நான் பட்ட பாட்டை.

அந்த ஷாட்டை நீக்கிவிட்டேன். திரும்பப் போய் எடுக்கப் பணம் இல்லை, மழையும் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே எடுத்திருந்த எட்டு மணி நேர ரஷ்ஷை முதலிலிருந்து, இம்முறை என் மாணவர்களுக்குக் கொடுக்கும் அதே பயிற்சியின்படி தாளும் பேனாவுமாக அமர்ந்து பார்த்தேன். ஒலிப்பதிவாளர் மைக்கைச் சரிபார்ப்பதற்காக, கேமரா எதையும் குறிபார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டு கிடைத்தது. உடன் வந்த உதவியாளர் அதை 'என்.ஜி.' (நாட் குட், பயன்படாதது) என்று குறித்திருந்தார். வரப்போரத்தில் உட்கார்ந்த ஒரு பெண் பழைய காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக்கொண்டே, பக்கத்திலிருப்பவரிடம் ரேஷன் கடையில் அன்று சர்க்கரை போடுவார்களா என்று விசாரிக்கிறார். சட்டகம் கோணலாக இருக்கிறது. படம் இப்போது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்குப் பிறகு நான் கற்பிக்கும் முறையில் சில மாற்றங்கள் வந்தன. இப்போது மாணவர்கள் பத்து நிமிடப் படத்துக்கு ஒன்பது மணி நேரம் எடுத்து வருகிறார்கள். சேமிக்க இடம் இருக்கும்வரை கேமராவை யாரும் நிறுத்துவதில்லை. அவர்களில் பலர் தாங்கள் எடுத்ததை முழுமையாக ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை என்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது. எனவே முதல் பயிற்சிப் படத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறேன்: 4 நிமிடம் 26 விநாடி. 35 மி.மீ. கேமராவில் நாங்கள் மாட்டிய 400 அடி சுருளின் நீளம் அது. அதற்குமேல் ஒரு விநாடியும் எடுக்கக் கூடாது. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் படச்சுருள் கிடைக்காத காலத்தில், மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் இயக்குநர் குலெஷோவும் அவருடைய மாணவர்களும் சுருளே இல்லாமல் காட்சிகளை நடித்துப் படங்களைப் பயின்றார்கள். பஞ்சம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை நான் ஒரு விதியால் கற்றுக்கொடுக்க முயல்கிறேன். இரண்டும் ஒன்றாகாது என்று தெரிந்தேதான் செய்கிறேன். இருந்தாலும், பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. நானூக் பற்றிய வகுப்பில் இப்போது என் பழைய முதல் ஷாட்டையும் சேர்த்தே திரையிடுகிறேன். எது தவறு என்று நான் சொல்வதில்லை. பாதங்களைப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வேறொன்றையும் அந்த மாணவன் எனக்கு விட்டுச்சென்றான். வகுப்பில் யார் எந்த ஊர், யார் வீட்டில் என்ன வேலை என்பதை இப்போது நான் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறேன். தறி ஓடும் வீட்டிலிருந்து வந்தவருக்கு ஓர் ஒலி தெரிந்திருக்கிறது. கல்குவாரிப் பக்கத்திலிருந்து வந்தவருக்குப் புழுதி படிந்த இலையின் நிறம் தெரிந்திருக்கிறது. அத்தனையையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு, பிரெஞ்சுப் படங்களைப் பற்றிப் பேசினால்தான் மதிப்பு என்று அவர்களை நம்பவைத்ததில் என் பங்கும் இருந்திருக்கிறது. கல்விக் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் படிப்பு முடிந்ததும் பேட்டாகூட ஒழுங்காகக் கிடைக்காத உதவியாளர்களாகப் பல ஆண்டுகள் அலையப்போகிறார்கள் என்பதை அறிந்தே அவர்களுக்கு நான் பாடம் நடத்துகிறேன். அந்த நினைப்பு இரவுகளில் என்னை விடுவதில்லை. அவர்களுடைய சொத்தாக ஏற்கெனவே இருப்பதையாவது நான் பறிக்காமல் இருக்க வேண்டும்.

அவன் தன் பட்டயப் படத்தைத் தாயைப் பற்றியே எடுத்தான். ரஷ்ஷோடு ஊரிலிருந்து வந்தவன் சோர்ந்துபோயிருந்தான். விடிகாலை வரப்பில் அவர் நடந்து வருவதை எடுக்கக் கேமராவோடு காத்திருந்திருக்கிறான். அவர் வந்த வேகத்துக்கு இவனால் ஃபோகஸைத் திருப்பமுடியவில்லை. கேமராவை உரசிக்கொண்டு கடந்து போய்விட்டார். இன்னொரு முறை நடந்து வரச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியதாகவும், கேட்க வாய் வரவில்லை என்றும் சொன்னான். "ஃபோகஸ் போயிருச்சு சார், யூஸ் பண்ணமுடியாது."

ஓட்டு என்றேன். இருட்டில் மங்கலான ஓர் உருவம் பெரிதாகி வந்து சட்டகத்தை மூடி மறைந்தது. மீண்டும் ஓட்டு என்றேன். மூன்றாவது முறை அவன் தன்னைப் பற்றிய வருத்தத்தை மறந்து திரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். நான்காவது முறை பாதியில் நிறுத்தினான். ஒலியைக் கூட்டிவைத்து, ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டான். பிறகு அதைக் கழற்றி ஒலிபெருக்கிக்கு மாற்றினான். விரைந்து வரும் செருப்புச் சத்தம், தூக்குச்சட்டியின் கைப்பிடி ஆடும் சத்தம், அதற்கிடையில் மிக அருகில் ஒரு குரல்:

"தள்ளி நில்லுல, நேரமாச்சு."

அங்கே நின்று எடுத்துக்கொண்டிருந்தபோது அது அவன் காதில் விழவே இல்லை. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின் சுட்டியை நகர்த்தி, செருப்புச் சத்தம் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் எதுவும் தெரியாத இருட்டில், ஷாட்டின் தொடக்கத்தைக் குறித்தான்.